வேலூர் மாடியில் பூச்சியுண்ணும் செடி: எது தாக்குப்பிடிக்கும்?

பூச்சியுண்ணும் செடி வளர்க்க ஆசைப்படும் வேலூர்க்காரர், செடியின் அழகைப் பார்க்கும் முன் அக்கினி நட்சத்திரத்தை எண்ணிப் பார்க்க வேண்டும்.

பலரும் முதலில் வாங்குவது வீனஸ் ஃப்ளைட்ராப். அமெரிக்காவின் வட, தென் கரோலைனா மாநிலங்களின் ஈரநிலங்களைத் தாயகமாகக் கொண்ட அது, இலையின் உட்புற முடிகளைச் சுமார் 20 விநாடிக்குள் இருமுறை பூச்சி தொட்டால் சட்டென மூடிக்கொள்ளும். ஆனால் ஆண்டுதோறும் மூன்று, நான்கு மாதக் குளிருறக்கம் அதற்குத் தேவை. நம் மார்கழிக் குளிர் அதற்குப் போதாது. ஃபிரிட்ஜில் வைத்து உறங்கவைப்போரும் உண்டு. காய்கறித் தட்டில் செடிக்கு இடம் கேட்டபோது என் வீட்டில் கிடைத்த பதிலை இங்கே எழுத இயலாது.

மேகாலயாவின் காசி, காரோ, ஜெயந்தியா மலைகளுக்கு உரிய நெப்பந்தஸ் காசியானா, இந்தியாவில் இயற்கையாக வளரும் ஒரே குடுவைச் செடி. அதற்குக் குளிருறக்கம் வேண்டாம், காற்றில் ஈரம் வேண்டும். சித்திரை வெயிலில் என் செடியின் இலைகள் நிழல்வலையின் கீழ் பிழைத்துக்கொண்டாலும், இலை நுனியில் அரும்பிய குடுவைகள் விரியாமலே கருகின. ஐப்பசி மழைக்குப் பிறகுதான் புதியவை தொங்கின. அருகிவரும் இனமாதலால், நாற்றங்காலில் வளர்த்தது என்று உறுதியான பின்பே இதை வாங்க வேண்டும்.

என் தேர்வு, சித்த மருத்துவர்கள் அழுகண்ணி என்றழைக்கும் டிரோசெரா. இலை முடிகளின் நுனியில் பசைத்துளிகள் கண்ணீர்போல் நிற்பதால் வந்த பெயர் அது. தமிழகத்தின் ஈர மணற்பாங்கான இடங்களில் தானே முளைக்கும் டிரோசெரா பர்மானி, காசளவே இருந்தாலும், தன்மேல் ஒட்டிய எறும்பை நோக்கி ஓர முடிகளைச் சில விநாடிகளிலேயே வளைத்துவிடும். மழைக்குப் பின் முளைத்து, பூத்து, விதை உதிர்த்து மடிந்துவிடுவதால், மற்ற இரண்டும் தவிக்கும் கோடையை இது விதையாகவே கழித்துவிடுகிறது. குளங்களில் மஞ்சள் பூ நீட்டும் யுட்ரிகுலேரியாவும் நம்மூர்ச் சூழலுக்கு ஏற்றதே எனினும், அதன் நுண்பைகள் இரையை உறிஞ்சுவதை வெறும் கண்ணால் ரசிக்க முடியாது.

எதை வளர்த்தாலும் நம் போர்வெல் நீரின் உப்பு வேர்களைக் கெடுக்கும். நீரில் கரைந்த உப்புகளின் அளவைக் காட்டும் டிடிஎஸ் 50-க்குக் கீழே இருப்பது நல்லது. நான் மழைநீரைப் பிடித்துவைத்து, தீர்ந்தபின் ஏசியிலிருந்து சொட்டும் நீரை ஊற்றுகிறேன். உரம் கூடவே கூடாது. உப்புப் போகப் பலமுறை அலசிய தேங்காய்நார்த் தூளையும் மணலையும் கலந்து, அழுகண்ணி விதையை மண்ணால் மூடாமல் மேலே தூவி, தொட்டியை நீர்த் தட்டில் நிறுத்தினால் போதும். விதைகள் தூள்போல இருப்பதால், தை மாதத்தில் காகிதத்தில் தட்டிச் சேர்த்து உறையிலிட்டு, அடுத்த புரட்டாசி வரை ஃபிரிட்ஜில் வைக்கிறேன்; அந்த அளவு இடத்துக்கு வீட்டில் இதுவரை மறுப்பு எழவில்லை.