ஃபுல் ஃபேஸா, ஃப்ளிப்-அப்பா? காற்றிரைச்சல் குறைய எந்த ஹெல்மெட்

நெடுஞ்சாலையில் வேகமெடுத்ததும் இன்ஜின் சத்தத்தை விடக் காற்றிரைச்சல்தான் தொல்லை. 100 கி.மீ. வேகத்தில் ஹெல்மெட்டுக்குள் சத்தம் 100 டெசிபலை நெருங்கும்.

சத்தம்: ஃபுல் ஃபேஸ் என்பது தாடையையும் சேர்த்து மூடும் ஒரே ஓடு, இடைவெளி குறைவு. ஃப்ளிப்-அப்பில் தாடைப் பகுதி தனியாகத் திறப்பதால் இணைப்புகளில் காற்று சீறும். ஆனால் இரண்டிலுமே கழுத்தடிதான் முக்கிய வாசல். அளவு தளர்ந்தால் எவ்வளவு விலை கொடுத்தும் பயனில்லை. கடையிலேயே போட்டுத் தலையை ஆட்டிப் பாருங்கள். ஹெல்மெட்டோடு கன்னத் தோலும் நகர வேண்டும். புதிதில் கொஞ்சம் இறுக்கமாக இருப்பதே சரி, பஞ்சு பிறகு அமுங்கிக்கொடுக்கும்.

எடை: ஃபுல் ஃபேஸ் லேசு. ஃப்ளிப்-அப்பில் கீல், பூட்டு எல்லாம் சேரும், கழுத்துக்குத் தெரியும்.

வசதி: இதில் ஃப்ளிப்-அப்புக்கே என் ஓட்டு. சிக்னல் வெயிலோ டீக்கடையோ, கழற்றவே வேண்டாம். மூக்குக்கண்ணாடி போடுபவர்களுக்கு இது பெரிய நிம்மதி.

நெடும்பயணம் அதிகமென்றால் ஃபுல் ஃபேஸ், ஊருக்குள் அலைச்சலென்றால் ஃப்ளிப்-அப். எதிலும் ஐஎஸ்ஐ முத்திரையும், ஹெல்மெட்டுக்கான இந்தியத் தர எண்ணான ஐஎஸ் 4151-உம் இருக்கட்டும். அப்புறம், நெடுஞ்சாலைக்குக் காதில் செருகும் நுரை இயர்பிளக் ஒரு ஜோடி: ஹெல்மெட்டை மாற்றுவதை விட அது சத்தத்தை அதிகம் குறைக்கும்.