போர்க்காலக் கடிதமா, விண்வெளிக்காலச் செய்தித்தாளா: எதை முதலில் காப்பது?

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், விண்கல ஏவுதளம் உள்ள கேப் கனவெரல் பகுதியில் ஒரு குடும்பப் பெட்டியைத் திறந்தால், இரண்டாம் உலகப் போரில் பணியாற்றியவரின் கடிதங்களும், 1961 மே 5 அன்று அமெரிக்க விண்வெளி வீரர் ஆலன் ஷெப்பர்ட் விண்ணுக்குச் சென்ற செய்தியைத் தாங்கிய நாளிதழும் ஒன்றாகவே கிடைக்கக்கூடும்.

நாளிதழ்தான் கண்ணைக் கவரும். ஆனால் அதே இதழின் பல பிரதிகள் அச்சாகியிருக்கும். படைவீரர் பணி முடித்து விடுவிக்கப்பட்டதற்கான சான்றிதழின் நிலை வேறு. 1973 ஜூலையில் அமெரிக்கப் படைவீரர்களின் கோப்புகளை வைத்திருந்த செயின்ட் லூயிஸ் ஆவண மையத்தில் ஏற்பட்ட தீயில் 1.6 முதல் 1.8 கோடி வரையிலான பணிக் கோப்புகள் அழிந்ததால், வீட்டில் எஞ்சியிருக்கும் தாளே சில குடும்பங்களுக்கு ஒரே சான்றாகிவிட்டது. 1942இல் தொடங்கிய வி-மெயில் என்ற அமெரிக்கப் போர்க்கால அஞ்சல் முறையில் வந்த கடிதங்களும் அப்படியே: நுண்படச்சுருளில் அனுப்பி உள்ளங்கையளவில் அச்சிட்டுத் தந்தபின் மூலத்தாளை அழித்துவிட்டார்கள். ஆகவே என் தேர்வு போர்க்காலத் தாள்களே.

எனினும் ஏவுதளத் தொழிலாளியின் அடையாள அட்டையையும் அவர் எடுத்த புகைப்படங்களையும் நாளிதழோடு சேர்த்து எண்ணிவிடக் கூடாது. அவற்றுக்கு மறுபிரதி அரிது. அமெரிக்க விண்வெளி வீரர் ஜான் கிளென் பூமியைச் சுற்றிய 1962 பிப்ரவரி 20 அன்றே அதைக் குறித்து வெளியான 4 சென்ட் அஞ்சல்தலையோ ஏராளமாகப் புழங்குவது.

பாதுகாப்பில் நாளிதழே தொல்லை மிக்கது. அதன் மரக்கூழிலுள்ள லிக்னின் என்ற இயற்கைப் பொருள் தாளை மஞ்சளாக்கி நொறுக்குவதோடு, அருகிலுள்ள கடிதங்களிலும் கறையேற்றும் என்பதால், அதை அமிலமற்ற உறையில் தனியே வைப்பது நல்லது.