கேனான் 7டி மார்க் 2 + 17-40 எல்: மழைக்காலக் கடற்கரையில் சில வருட உழைப்புக்குப் பிறகு

கிருஷ்ணகிரிக்காரன் கடலைப் படம் எடுக்கிறான் என்றால் சிரிக்கத்தான் செய்வார்கள். ஆனால் ஊத்தங்கரை, செங்கம், திருவண்ணாமலை, திண்டிவனம் என்று ஒரே ரோடு, ராத்திரி கிளம்பினால் விடியும்போது புதுச்சேரி. (துறைமுகத்தில் பெரிய எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருந்தால் நான் வீட்டை விட்டு நகர மாட்டேன், நீங்களும் வேண்டாம்.)

கேமரா பாடியான 7டி மார்க் 2, 2014இல் வந்த மாடல், இப்போது செகண்ட் ஹேண்டில்தான் தேட வேண்டும். தூறல், சாரல் எதற்கும் அசையவில்லை. லென்ஸ் விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். என் 17-40 எல் லென்ஸுக்குப் பின்பக்கம் ரப்பர் வளையம் உண்டு, ஆனால் முன்பக்கம் 77 மிமீ ஃபில்டர் ஒன்றைத் திருகினால்தான் நீர்த்தடுப்பு முழுமையாகும். அதனால் யூவி ஃபில்டர் (புற ஊதாக் கதிரைத் தடுக்கும் தெளிந்த கண்ணாடி) வீண் செலவு என்கிற பேச்சு இந்த லென்ஸுக்குப் பொருந்தாது.

ஆனால் கேமராவைவிடக் காற்றின் திசைதான் முக்கியம். வடகிழக்குப் பருவக் காற்று கடலிலிருந்து நேராக லென்ஸ் முகத்திலேயே அடிக்கும், ஹுட் (லென்ஸ் முன்னால் மாட்டும் மறைப்பு) போட்டும் பயனில்லை, துடைத்து முடிப்பதற்குள் அடுத்த சாரல் வந்துவிடும். தாழ்வு மண்டலம் நமக்கு வடக்கே நகர்ந்துவிட்டால் கதையே வேறு. காற்று அதை இடஞ்சுழியாகச் சுற்றுவதால் தெற்கே நிற்கிற நமக்கு அது மேற்கிலிருந்து, முதுகுப் பக்கமாக வரும். தரங்கம்பாடியில் டேனிஷ் கோட்டைக்குப் பக்கத்தில் அப்படி ஒரு காலை கிடைத்தது: கண்ணாடி காய்ந்தே இருந்தது, உடைகிற அலையின் உச்சியிலிருந்து நீர்த்தூள் கடல் பக்கமாகப் பறந்தது, 1/1000 நொடி ஷட்டர் வேகத்தில் துளி துளியாகப் பதிந்தது. அலை வடியும் கோடுகள் வேண்டுமென்றால் அரை நொடி; அந்த மேக இருட்டில் லென்ஸ் துளையை எஃப்/16க்குச் சிறிதாக்கினால் போதும், என்டி ஃபில்டர் (வெளிச்சத்தைக் குறைக்கும் கருங்கண்ணாடி) தேவைப்படாது.

சரி, பராமரிப்பு. உப்பு காய்ந்த பிறகு உலர்ந்த துணியால் தேய்க்கவே கூடாது, உப்புத்தூள் கண்ணாடியைக் கீறும். நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றி எடுத்துவிட்டு அப்புறம் உலர்த்துங்கள். இதை ஊர் திரும்பிய பிறகு என்று தள்ளாமல் லாட்ஜிலேயே முடித்துவிடுவேன். ஏசி அறையிலிருந்து வெளியே எடுத்தால் லென்ஸ் பனிக்கும், பைக்குள்ளேயே கொஞ்ச நேரம் விட்டுவிடுங்கள். அதிகம் அடி வாங்கியது டிரைபாட்தான். கால் பூட்டுக்குள் மணல் புகுந்து நரநரவென்கிறது, எத்தனை முறை கழுவினாலும் போகவில்லை.

புதிதாக இந்த மாதிரி செட் வாங்குபவர்கள் முதலில் ஒகேனக்கல் அருவிச் சாரலில் பழகிப் பாருங்கள். அங்கே உப்பு கிடையாது.