ஹைட்ரஜன் சல்பைடைக் காட்டும் ஒளிர் உணரிகள்: மூன்று வழிகளில் எது?

உடல் தானே தயாரித்துச் செய்தி அனுப்பப் பயன்படுத்தும் வாயுக்களில் ஒன்று ஹைட்ரஜன் சல்பைடு. அதை உயிருள்ள செல்லுக்குள் ஒளிர்வாகக் காட்டும் மூன்று வேதிவழிகள் 2011-இல் அடுத்தடுத்து வெளிவந்தன. பிறகு வந்த உணரிகளில் பல இவற்றின் வாரிசுகள்தான்.

எத்தனை மடங்கு பிரகாசம் கூடுகிறது என்பதையே பலரும் முதலில் கேட்கிறார்கள். நான் முதலில் கேட்பது செல்லில் ஏராளமாக இருக்கும் கந்தக மூலக்கூறான குளூட்டாதயோனைப் பற்றி. செல்லுக்குள் அது 1 முதல் 10 மில்லிமோலார் வரை இருக்கிறது. ஹைட்ரஜன் சல்பைடு அதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. இரண்டிலும் வினைபுரிவது கந்தகமே. அந்தக் கூட்டத்தில் ஏமாறாத உணரிதான் வேண்டும்.

மூன்று நைட்ரஜன் அணுக்கள் கோத்த தொகுதியான அசைடைப் பயன்படுத்தும் வழியைக் கொண்டுவந்தவற்றுள் ஒன்று பெர்க்லியில் கிறிஸ்டோபர் சாங்கின் குழு. உணரியின் ஒளிரும் பகுதியான சாயத்தில் அசைடு இருக்கும்வரை ஒளி அடங்கிக் கிடக்கும். ஹைட்ரஜன் சல்பைடு அதற்கு எலக்ட்ரான் தந்து அமீன் என்ற தொகுதியாக ஒடுக்கினால் சாயம் ஒளிரும். குளூட்டாதயோனால் அசைடை அவ்வளவு எளிதில் ஒடுக்க முடியாது. தயாரிப்பதும் சுலபம். ஆனால் வினை மெதுவானது. சிலவற்றில் முழு ஒளிர்வுக்கு ஒரு மணி நேரம்கூட ஆகும். இன்னொரு குறை இதைவிட ஆபத்தானது: வலுவான ஒளி பட்டால் அசைடு தானாகவே சிதையும். நுண்ணோக்கியின் லேசரே பொய்யான சமிக்ஞையை உண்டாக்கிவிடலாம்.

டோக்கியோவில் டெட்சுவோ நகானோ குழு கையாண்டது தாமிர வழி. சாயத்தின் அருகே பிணைந்த தாமிர அயனி ஒளியை அணைத்து வைத்திருக்கும். தாமிர சல்பைடு மிக மிகக் குறைவாகவே கரையும் என்பதால், சல்பைடு வந்ததும் தாமிரத்தைப் பிடுங்கிக்கொள்ளும். கணத்தில் ஒளி வரும். வேகத்தில் இதற்கு ஈடில்லை. தாமிரத்தைப் பிடித்திருக்கும் வளையம் தளர்வாக இருந்தால் குளூட்டாதயோனே அதைக் கழற்றிவிடும். அதனால்தான் அவர்கள் இறுகப் பிடிக்கும் சைக்லென் வளையத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அழகான முடிவு அது. ஆனாலும் நைட்ரிக் ஆக்சைடின் ஒடுக்கப்பட்ட வடிவமான நைட்ராக்சிலும் தாமிரத்தை ஒடுக்கி இத்தகைய உணரிகளை ஒளிர வைக்கக்கூடும். இன்னொரு செய்தி வாயுவான நைட்ரிக் ஆக்சைடும் ஹைட்ரஜன் சல்பைடும் சந்திக்கும் இடத்தில் நைட்ராக்சில் உருவாகலாம் என்பதால், அந்த இரண்டின் உறவை ஆராய்பவர்களுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மூன்றாவது, வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் மிங் சியான் குழுவின் இரட்டைத் தாக்குதல் வழி. எனக்கு மிகவும் பிடித்த வடிவமைப்பு இதுதான். குளூட்டாதயோன், சிஸ்டீன் போன்ற தயோல்களால் (கந்தக-ஹைட்ரஜன் முனை கொண்ட மூலக்கூறுகள்) ஒருமுறைதான் தாக்க முடியும்; ஹைட்ரஜன் சல்பைடால் இருமுறை முடியும். முதல் தாக்குதல் உணரியின் டைசல்பைடு என்ற கந்தக-கந்தகப் பிணைப்பில். அதில் பிறக்கும் பெர்சல்பைடு சாயத்தைக் கட்டிவைத்திருக்கும் பக்கத்து எஸ்டர் பிணைப்பைத் தாக்கி வளையமாக மூடிக்கொள்ள, சாயம் விடுபட்டு ஒளிரும். தயோல்கள் முதல் படியோடு நின்றுவிடுவதால் பொய் ஒளி எழாது. ஆனால் அந்த முதல் படியிலேயே உணரியைத் தின்றுவிடுகின்றன. ஆகவே அதிக அளவில் உணரியைச் செலுத்த வேண்டியிருக்கும்.

மூன்றிலும் சாயத்தை ஒளிர வைக்கும் ஹைட்ரஜன் சல்பைடு செலவாகிவிடுகிறது. எனவே காண்பது இதுவரை சேர்ந்த மொத்தத்தைத்தான்; இந்த நொடியின் அளவை அல்ல.

செல் ஆய்வைத் தொடங்குபவருக்கு நான் அசைடு வழியையே சொல்வேன். அதன் குறைகளைச் சோதித்துப் பிடித்துவிடலாம். அதே ஒளியை அதே நேரம் பாய்ச்சிய, சல்பைடு சேர்க்காத செல்கள் ஒரு தட்டில்; வாயுவைத் தயாரிக்கும் நொதியைத் தடுத்த செல்கள் இன்னொரு தட்டில். இந்த இரண்டும் இல்லாத படத்தை நான் நம்புவதில்லை.