கோடையில் உறுமும் பெட்டி: ஸ்டீல் கிற்றாரும் வால்வு பிரீ-அம்ப்பும்

மாங்குளத்தில் இருந்து தம்பி ஒருவர் போன கிழமை போன் எடுத்தார். "அண்ணை, உங்களுக்குச் செய்து தந்த யாழ்ப்பாணத்து ஐயா இன்னொரு வால்வு பிரீ-அம்ப் செய்து வைத்திருக்கிறாராம். என்ர ஸ்டீல் கிற்றாருக்கு எடுக்கலாமோ?" ஓம், இல்லை என்று ஒரு சொல்லில் பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எழுதி அனுப்புகிறேன் என்றேன். அதுதான் இது.

பெட்டியைப் பற்றித் தம்பிக்குத் தெரியும்: கிற்றாரில் இருந்து வருகிற சின்னச் சத்தத்தை ஸ்பீக்கர் பக்கம் போக முன்னம் பெருக்கித் தருவது. இரண்டு 12ஏஎக்ஸ்7 வால்வு (பழைய றேடியோவுக்குள் எரிகிற கண்ணாடிக் குழாய் போன்றது), அலுமினியக் கூடு, மூன்று குமிழ். பழைய வால்வு றேடியோக்களைத் திருத்தியே தலை நரைத்த ஐயா அவர். 2021 மாரியில் என் கைக்கு வந்தது. அன்றிலிருந்து தேவாலயத்து ஞாயிறு பூசைக்கும் இடையிடையே கலியாண வீடுகளுக்கும் இதில்தான் வாசிக்கிறேன்.

முதலில் அதன் அருமையைச் சொல்லவேண்டும். முன்பு கிற்றார் வயரைக் கோயில் மிக்ஸரில் நேரே செருகி வாசித்தேன். கம்பளிக்குள் இருந்து பாடுவதுபோல ஒரு மந்தமான சத்தம் வரும். கிற்றாரில்தான் பிழை என்று பல வருடம் நினைத்திருந்தேன். பிழை அதில் இல்லை. மிக்ஸரின் லைன் வாசலில் இருக்கும் தடை 10 கிலோஓம் அளவுதான். ஸ்டீல் கிற்றாரின் பிக்கப்புக்கு, அதாவது கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் சுருளுக்கு, அது மிகக் குறைவு. மேல் ஓசைகள் எல்லாம் அங்கேயே அமுங்கிவிடும். இந்தப் பெட்டியின் வாசலில் 1 மெகாஓம், அதன் நூறு மடங்கு. வால்வின் மகிமை என்று எல்லோரும் சொல்வதில் பாதி இந்த ஒரு எண்தான்.

மற்றப் பாதி உண்மையாகவே வால்வு. சுவிட்சைப் போட்டு, கண்ணாடிக்குள் செம்மஞ்சள் பொட்டு தெரியும்வரை காத்திருந்து, கம்பிமேல் வழுக்கி வாசிக்கிற இரும்பு உருளையை மூன்றாம் கம்பியில் வைத்து ஒரு சுரத்தை இழுத்தால், அது தேயும்போது மெலிவதில்லை. உள்ளே போகப் போக உருண்டு வருகிறது. ஸ்டீல் கிற்றாரில் சுரம் தேயத் தேயக் காலால் வொலியூம் பெடலைக் கொஞ்சம் கொஞ்சமாக அமத்திக்கொண்டே போவோம். ஆறேழு செக்கன் ஒரே சுரம் நிற்கும். அந்தக் கடைசி இரண்டு செக்கனில் இந்தப் பெட்டி தருகிற குரலை வேறு எதிலும் நான் கேட்கவில்லை. தொண்ணூறுக்குப் பிறகு ஊரில் கரண்ட் இல்லாத காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, தைனமோவைச் சுற்றி றேடியோ கேட்டு வளர்ந்தவன் நான். வீட்டில் ஒரு வால்வு எரிவதைப் பார்க்கிறபோது நெஞ்சுக்குள் ஏதோ செய்யும். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

சரி, இப்போது உறுமலுக்கு வருவோம்.

முதல் மாரி முழுக்கப் பெட்டி ஊமைபோல இருந்தது. வாசிக்காதபோது ஸ்பீக்கரில் காதை வைத்தால்தான் உயிர் இருப்பது தெரியும். 2022 ஆடியில், சோளகம் புழுதியை அள்ளிக்கொண்டு அடிக்கிற நாளொன்றில், 'ஊம்' என்று தொடங்கியது. கம்பியில் உருளை இருக்கும்வரை அடங்கிக் கிடக்கும். உருளையைத் தூக்கினவுடன் எழும்பும். சுரத்துக்கும் சுரத்துக்கும் இடையில் உருளையைத் தூக்காமல் யார் வாசிப்பது?

ஒரு வால்வை மாற்றினேன். மற்றதையும் மாற்றினேன். வயரை மாற்றினேன். அப்படியே இருந்தது. பெற்றோல் வரிசையில் இரவிரவாக நின்ற காலம் அது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு யாழ்ப்பாணம் போக வழியில்லை. ஐயாவுக்குப் போன் எடுத்து, ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் போனைப் பிடிக்கட்டோ என்று கேட்டேன். "போனுக்குள்ளால அந்தச் சத்தம் வராது தம்பி. கோயில் கீபோர்ட் ஒன்று இருக்குமெல்லோ, அந்த உறுமல் எந்தக் கட்டையில நிற்குது எண்டு தேடிப் பாரும்" என்றார்.

கீபோர்டை வீட்டுக்குக் கொண்டுவந்து, இடப்பக்கம் கடைசிக் கட்டைவரை ஒவ்வொன்றாக அமத்திப் பார்த்தேன். ஜி கட்டையோடு சேருவதுபோல இருந்தது, ஆனால் உறுமல் அதற்கும் ஓர் எட்டுச் சுரம் கீழே, 61 கட்டைக் கீபோர்டில் கட்டையே இல்லாத இடத்தில் நின்றது. சொன்னேன். "அப்ப அது ஐம்பது, வீட்டுக் கரண்ட் செக்கனுக்குத் துடிக்கிற துடிப்பு. பெட்டிக்குள்ள கரண்டைச் சேர்த்து வைக்கிற கொண்டென்சர் பழுதெண்டால் நூறில உறுமும், உம்மட கீழ் ஜி கட்டையில பிடிபடும். வால்வையும் மாத்திப் போட்டீர். பெட்டியை விடும், வீட்டு எர்த்தைப் பாரும்." கிளிநொச்சியில் இருக்கும் பெட்டிக்கு யாழ்ப்பாணத்தில் இருந்து, காதாலும் கேட்காமல், நோய் சொன்னவர் அவர்.

நான் நம்பவில்லை. எங்கள் வீட்டில் கரண்ட் ஒழுகினால் தானே விழுகிற ட்ரிப் சுவிட்ச் இருக்கிறது, மாதம் ஒருமுறை சோதனைப் பொத்தானை அமத்துவேன், 'டக்' என்று விழும். எர்த் சரி என்றுதான் நினைத்திருந்தேன். அந்தப் பொத்தான் சுவிட்சைத்தான் சோதிக்கும், எர்த்தைச் சோதிக்காது. எர்த் கம்பியே இல்லாவிட்டாலும் அது விழும். இதை வயரிங் செய்தவர் எனக்குச் சொல்லவில்லை. தம்பி, கிற்றார் வாசிக்கிறாயோ இல்லையோ, இதை மட்டும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவை.

பின்பக்கம் போய்ப் பார்த்தால், எர்த் கம்பி கிரவல் மண்ணில், ஒரு சொட்டுத் தண்ணீர் படாத மூலையில் நட்டிருந்தது. மாரியில் மண் ஈரம், பெட்டி ஊமை. கோடையில் மண் கல்லாகிவிடும், பெட்டி உறுமும். இவ்வளவுதான் கதை. இரண்டு வாளி தண்ணீர் ஊற்றிவிட்டு வந்து உருளையைத் தூக்கினேன்; உறுமல் பாதிக்கு மேல் இறங்கியிருந்தது. பிறகு கிணற்றடியில், குளிக்கிற தண்ணீர் வாழைக்கு ஓடுகிற இடத்தில், செப்புக் கம்பி இரண்டு புதிதாக நட்டுச் சேர்த்தோம்.

அத்தோடு தீர்ந்தது என்று எழுத ஆசைதான். தீரவில்லை. என் பிக்கப் ஒற்றைச் சுருள். கொஞ்ச உறுமலை அது தானே காற்றில் இருந்து இழுக்கும். கிணறு வற்றுகிற ஆவணியில் வாழைக்கும் தண்ணீர் குறைந்துவிடும், உறுமல் திரும்பி வரும். அது வருகிற சுருதிதான் என்னைக் கொல்கிறது. ஜி என்றால் 49 துடிப்பு, இது 50. ஜியில் ஒரு பாட்டை எடுத்தால், கச்சேரியில் சுருதிப்பெட்டி கொஞ்சம் விலகி நிற்பதுபோலப் பக்கத்திலேயே நிற்கும். மற்றவர்களுக்குக் கேட்பதில்லை. எனக்கு அதைத் தவிர வேறொன்றும் கேட்பதில்லை.

மாலை வோல்ற்றேஜ் இன்னொரு தலையிடி. தோட்டக்காரர் மோட்டார் போடுகிற நேரம் 230 இருக்கவேண்டிய இடத்தில் 195 காட்டும். வால்வுச் சூடாக்கிக்கு 6.3 வோல்ற் வேண்டும், அப்போது கிடைப்பது 5.3. சத்தம் சோம்பிப்போகும், அப்படியே நெடுக ஓட்டினால் வால்வுக்கும் கூடாது. ஸ்டெபிலைசர் வாங்கினேன். நடுப் பூசையில் நன்மை வாங்கும் நேரம், மெதுவான பாட்டுக்குள், அதன் ரிலே 'டக்' என்று மாறின சத்தம் ஸ்பீக்கரால் வந்தது. இப்போது கோயிலுக்கு அதைக் கொண்டுபோவதில்லை.

பராமரிப்பைக் கேட்டாய். பெரிதாக ஒன்றுமில்லை. பென்சில் நுனியால் வால்வை மெல்லத் தட்டு. மணிபோலக் கிணுங்கினால் அந்த வால்வை, கிற்றார் சத்தம் முதலில் நுழைகிற இடத்தில் போடாதே, ஸ்பீக்கரின் அதிர்வே அதைப் பாடவைத்துவிடும். கண்ணாடியின் உச்சியில் வெள்ளிப் பூச்சு மினுங்கவேண்டும், பால்வெள்ளை ஆகிவிட்டால் உள்ளே காற்றுப் போய்விட்டது, எறி. கிற்றாரில் சத்தம் உடையாமல் வேண்டுமென்றால் முதல் வால்வுக்குப் பதிலாக 5751 என்ற வால்வைப் போட்டுப் பார். பெருக்கம் 100க்குப் பதில் 70, அதே சொக்கெட்டில் இருக்கும். எனக்கு அதுதான் பிடித்தது. மழைக்காலத்தில் சூட்டுக்குப் பல்லி வரும்; என் பெட்டியில் ட்ரான்ஸ்போமருக்கும் சொக்கெட்டுக்கும் நடுவில் இரண்டு முட்டை இருந்தன. காற்றுத் துளைகளுக்கு உள்ளே மெல்லிய கம்பிவலை ஒட்டினேன். ஆனால் நீயாக மூடியைத் திறக்காதே. பிளக்கைக் கழற்றின பிறகும் கொண்டென்சருக்குள் இருநூற்றுச் சொச்சம் வோல்ற் படுத்திருக்கும்.

அப்புறம், வாங்கலாமா?

இன்று என்னிடம் கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்லுவேன். இரண்டு கிழமையாக மழை இல்லை, நேற்றிரவு 'ஊம்' திரும்பவும் தொடங்கிவிட்டது, அந்தக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். வால்வு இல்லாத, வாசலில் 1 மெகாஓம் இருக்கிற சின்ன டிஐ பெட்டி (கிற்றாரை மிக்ஸரோடு இணைக்கிற பெட்டி) ஒன்று எடுத்தால் நான் மேலே சொன்ன பாதி அருமை உனக்குக் கிடைக்கும். வோல்ற்றேஜ் விழுந்தாலும் கவலையில்லை. நான் என்னுடையதைக் கொடுப்பேனா என்று கேட்காதே. கொடுக்கமாட்டேன்.

அப்படியும் மனம் கேட்காவிட்டால், வாங்க முன்னம் ஒருமுறை வந்து கேட்டுப்பார். மார்கழியில் வராதே. மடுத் திருவிழா முடிந்த கையோடு, ஓகஸ்ட் கடைசியில், பின்னேரம் ஏழு மணிக்கு வா. கிணற்றடிக்குத் தண்ணீர் ஊற்றாமல் வைத்திருக்கிறேன்.