அம்மாவுக்கு மயக்கம் தெளிந்த கதை

டொரொண்டோவிலிருந்து மூன்று வார விடுப்பில் மதுரைக்குப் போனதில், நான்கு நாட்கள் அம்மாவின் பித்தப்பைக் கல் அறுவைக்காக ஒரு தனியார் மருத்துவமனையில் கழிந்தன. அறை, சாப்பாடு, காப்பீட்டு மேசையில் காத்திருப்பு எல்லாம் எதிர்பார்த்தபடியே இருந்தன; எழுதத் தோன்றுவது மயக்க மருந்தைப் பற்றித்தான்.

68 வயதில் முழு மயக்கம் கொடுத்தால் எப்போது தெளியும் என்பதே எங்கள் கவலை. முந்தைய நாள் பரிசோதனைக்கு வந்த மயக்கவியல் மருத்துவர் நின்றபடியே பதில் சொல்லிவிட்டுப் போகாமல், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து விளக்கினார். அவர் தரவிருந்த வாயு செவோஃப்ளுரேன். அது ரத்தத்தில் கரையும் விகிதம் 0.65, மற்ற மயக்க மருந்துகளில் ஐசோஃப்ளுரேனுக்கு 1.4, பழைய ஹாலோத்தேனுக்கு ஏறக்குறைய 2.4, ஈதருக்கோ 12. இந்த எண் சிறிதாக இருக்க இருக்க, வாயு ரத்தத்தில் தங்காமல் நுரையீரலுக்குத் திரும்பி மூச்சோடு வெளியேறிவிடும். செவோஃப்ளுரேனில் 2 முதல் 5 சதவீதம் மட்டுமே கல்லீரலில் சிதைகிறது. மற்றதெல்லாம் போன வழியே திரும்பி வருகிறது. ஆகவே நோயாளி நன்றாக மூச்சு விட்டாலே மருந்து இறங்கிவிடும் என்றார். கொழுப்பில் சேர்வது வேறு கணக்கு: அங்கே ரத்த ஓட்டம் குறைவென்பதால் மெல்லச் சேர்ந்து மெல்லவே வெளியேறும், பல மணி நேரம் நீளும் அறுவைகளில்தான் அது பெரிதாகத் தெரியும். அம்மாவுக்கு ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது.

வாயுவை நிறுத்திய பத்து நிமிடத்திற்குள் கண் திறந்துவிட்டாராம். மீட்பறையில் என்னைப் பார்த்ததும், "பால் பாக்கெட்டை எடுத்து உள்ள வெச்சியா?" என்று கேட்டார். வைத்துவிட்டேன் என்றேன். முக்கால் மணி நேரம் கழித்து அதே கேள்வியை, முதன்முறை கேட்பவர் போலக் கேட்டபோது எனக்குச் சற்றுப் பயம் வந்தது. அதற்குக் காரணம் வாயு அல்ல, அறுவைக்கு முன் பதற்றம் தணியப் போட்ட, நினைவை மங்கச் செய்யும் மிடசோலம் ஊசியும் வலி மருந்தும்தான் என்று மருத்துவர் சொன்ன பிறகே, கண் விழிப்பதும் மருந்து முழுவதும் விலகுவதும் வெவ்வேறு என்பது எனக்கு உறைத்தது.

குறையும் ஒன்று உண்டு. பக்கத்துக் கட்டிலில், மூக்கெலும்பைச் சரிசெய்துகொண்ட இளைஞர் அன்று மாலையே பைக் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கிளம்பத் தயாராக இருந்தார். 24 மணி நேரம் வண்டி ஓட்டக் கூடாது என்பது டொரொண்டோவில் வாசல் வரை வந்து சொல்லப்படும் விஷயம். துணைக்கு ஆள் வராமல் அனுப்பவே மாட்டார்கள். இங்கே அவரிடம் யாரும் சொன்னதாகத் தெரியவில்லை. நான் சொன்னதும் சிரித்துவிட்டு, தம்பியை வரச் சொல்லி போன் செய்தார்.

அம்மாவின் டிஸ்சார்ஜ் தாளிலும் மயக்கம் பற்றி இருந்தவை 'ஜி.ஏ.' (ஜெனரல் அனஸ்தீசியா, அதாவது முழு மயக்கம்) என்ற இரண்டே எழுத்துகள். அடுத்த முறை கேட்பார்களே என்று, அதன் பக்கத்தில் மருந்தின் பெயரையும் தேதியையும் நானே பேனாவால் எழுதிக் கோப்பில் வைத்தேன்.