கால் மெசினா, கரண்ட் மெசினா?

வாரத்துக்கு ஒரு சின்னத் தையல் வேலை: தலையணை உறை, யன்னல் சீலைக்கு மடிப்பு, பிள்ளையின் பள்ளிக் கவுணுக்குக் கரை இறக்கல். இந்த அளவு வேலைக்கு எது வசதி?

மட்டக்களப்புப் பக்கம் அம்மாவின் கால் மெசின் இன்னும் மூலையில் நிற்கும் வீடுகள் உண்டு. நேர்த்தையலுக்கு அதை மிஞ்ச முடியாது. மருதமுனைக் கைத்தறிச் சாரத்தை மூட்ட, 14ஆம் நம்பர் ஊசியைப் போட்டு மெல்ல மிதித்தால் கோடு கீறியது போல ஓடும். 2022இல் மின்வெட்டு 13 மணித்தியாலம் வரை நீண்டபோது அதன் அருமை தெரிந்தது. தொல்லை தோல் பெல்ட்தான். அது தளர்ந்தால் மிதிக்க மிதிக்கக் கீழ்ச் சில்லு மட்டும் சும்மா சுற்றும். நுனியில் கொஞ்சம் வெட்டி, புதுத் துளை போட்டு, கம்பிக் கொக்கியைத் திரும்பக் கொழுவினால் சரி.

கரண்ட் மெசினின் பலம் சிக்சாக், அதாவது வளைந்து வளைந்து ஓடும் தையல். துணி விளிம்பு பிரியாது. பொத்தான் துளையும் அதிலேயே போடலாம். ரீசேட் மாதிரி இழுபடும் துணிக்கு அதுதான் தோது. நேர்த்தையல் போட்டால் இழுத்ததும் நூல் அறும். வேலை முடிந்ததும் தூக்கி அலுமாரிக்குள் வைத்துவிடலாம். ஆனால் மலிவான மெசின் ஜீன்ஸ் மடிப்பில் திணறும். அந்த இடத்தைச் சில்லைக் கையால் சுற்றித்தான் கடக்கவேண்டும்.

கால் மெசின் ஓடுகிற நிலையில் இருந்தால் நான் புதிது வாங்கமாட்டேன். பிள்ளைகளின் ரீசேட்டும் பிஜாமாவும்தான் அதிகம் என்றால், அப்புறம் யோசிக்கத் தேவையில்லை: கரண்ட் மெசின்தான்.